ஏழு நாற்பதுக்கு நாலு பேர்

மார்ச் 8, சனி

நூற்றுப் பன்னிரண்டு. எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் அடுத்த வாரத்துக்குள் அது நூற்றெட்டு என்று நானே நம்பத் தொடங்கிவிடுவேன். அதனால் எழுதிவைக்கிறேன்.

பதினெட்டுக் குழியையும் எழுபத்திரண்டு அடியில் முடிக்க வேண்டிய கோல்ஃப் மைதானம், அடி குறையக் குறைய நல்லது. முடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. எங்கள் கூட்டத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பேக்கரிக்காரர் இன்று 118. மருந்துக்கடை அக்கா 110. கணக்கு வாத்தியார் 104, அதையும் மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். ஆறு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு நாற்பதுக்கு நாங்கள் நாலு பேர். மழை வந்தால் குடையோடு ஆடியிருக்கிறோம்.

முதல் குழியில் பந்து வழக்கம்போல வலது பக்கம் வளைந்து மரத்துக்குள் போயிற்று. இத்தனைக்கும் நான் குறிவைப்பது இடது பக்க வேலியை. வேலியைப் பார்த்து அடித்தாலும் மரத்துக்குத்தான் போகிறது.

"அந்த மரத்துக்கு உங்க பேரையே வெச்சிடலாம்" என்றார் பேக்கரிக்காரர்.

வாரம் முழுக்க லேபில் குனிந்தபடி பல்செட் செதுக்கும் கழுத்து, சனிக்கிழமை காலையில்தான் நிமிர்கிறது. அது போதும் எனக்கு. 112 ஆக இருந்தால் என்ன?

மார்ச் 11, செவ்வாய்

மருந்துக்கடை அக்கா போன் செய்தாள். கிளப் அறிவிப்புப் பலகையில் புது விதி ஒட்டியிருக்கிறார்களாம். வரி வரியாகப் படித்தாள். ஜூன் முதல் தேதியிலிருந்து சனிக்கிழமை காலையில் ஆட வேண்டும் என்றால், மே 31-க்குள் நூறோ அதற்குக் குறைவோ எடுத்த கணக்கு அட்டை மூன்று கொடுத்திருக்க வேண்டும். கூட ஆடிக் கையெழுத்துப் போடுபவரும் தேர்ந்த ஆட்டக்காரராக இருக்க வேண்டும். மற்ற உறுப்பினர்கள் வார நாட்களில் மதியம் ஆடிக்கொள்ளலாம். 'ஆட்டத்தின் வேகத்தை முன்னிட்டு.'

வார நாளில் மதியம்! நான் ஆறு மணிவரை லேபில். பேக்கரிக்காரர் அடுப்படியில். அக்கா கடையில். வாத்தியார் ஒருவர்தான் ஓய்வு பெற்றவர். அவர் தனியாக யாரோடு ஆடுவார்?

எங்கள் வீட்டுக்காரர், இவர், கிளப் கமிட்டியில் இருக்கிறார். சாப்பிடும்போது கேட்டேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பேச்சு அடிபட்டுச்சு."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பே? கத்தியிருப்பே."

இப்போது கத்தவில்லையாக்கும்.

மார்ச் 13, வியாழன்

இன்று லேபில் ஒரு வேடிக்கை. பல் டாக்டரம்மா ஒரு பழைய மேல்செட்டை அனுப்பியிருந்தார். யாரோ ஒருவர் இறந்துபோன அண்ணனின் பல்செட்டை எடுத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் ராவி எனக்குச் சரியாக்கிக் கொடுங்கள் என்று நிற்கிறாராம். "ஒரே வீட்டு வாய்தானே" என்றாராம்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "ராவினா ஆகாதும்மா. அந்த வாய்க்கு அளவெடுத்தது அந்த வாய்க்குத்தான். இவருக்குப் புதுசா அச்சு எடுத்து அனுப்புங்க" என்றேன். மதியம் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

சிரிப்பெல்லாம் போயிற்று.

வாத்தியார் எதையோ படித்துவிட்டு வந்திருந்தார். சாதாரண ஆட்டக்காரர்களுக்கு என்றே தூரம் அடிக்கிற டிரைவர் மட்டையும் இரும்புத்தலை அயர்ன் மட்டைகளும் புதிதாக வந்திருக்கின்றனவாம். "போய்ப் பாக்கிறதுக்கு என்ன?" என்று மட்டைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அளவெடுப்பவர் முழங்காலில் பட்டை கட்டிய ஒல்லி மனிதர். முதலில் உங்கள் பழைய மட்டையால் அடியுங்கள் என்றார். அடித்தேன். வலையில் வலது மூலை. மறுபடி வலது மூலை. அவர் என் ஏழாம் அயர்னை வாங்கி, பிடியைத் தடவி, நீளம் அளந்து, தண்டை இரண்டு கையாலும் வளைக்கப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான்."

"இல்லம்மா. இது நல்லா ஓங்கி அடிக்கிற ஒரு ஆம்பளையோடது. ரம்பத்தால ஒன்றரை இஞ்ச் வெட்டியிருக்காங்க. ஏற்கெனவே விறைப்பான தண்டு. வெட்டினதுல இன்னும் விறைச்சிடுச்சு. உங்க கைக்கு இது கடப்பாரை."

ஆறு வருடத்துக்கு முன்னால் இவர் தன் பழைய செட்டைக் கார் ஷெட்டில் வைத்து வெட்டி, சிவப்புப் பிடி மாட்டி, 'இனிமே நீயும் ஆடு' என்று கொடுத்தார். நான் அழுதேவிட்டேன் அன்றைக்கு. சந்தோஷத்தில். அப்புறம் ஆறு வருடமாக, "உனக்குக் கை ஒத்துழைக்கல, அவ்வளவுதான். எல்லாருக்கும் எல்லாம் வராது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்? நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேனே!

இவர் நில அளவையாளர். ஊர் நிலத்தை எல்லாம் அங்குலம் பிசகாமல் அளப்பவர். நான் அடுத்தவர் வாய்க்கு அளவில்லாமல் ஒரு பல்கூட வைக்காதவள். எங்கள் இரண்டு பேருக்கும் என்னை அளக்கத் தோன்றவில்லை.

கடைக்காரர் புதியதை எடுத்துக் கொடுத்தார். டிரைவரின் தலை பெரிதாக, பின்பக்கம் உருண்டு இருந்தது. அயர்ன்கள் முதுகில் குழிவிழுந்து, அடிப்பாகம் அகலமாக. "தலையோட கனத்தை எல்லாம் ஓரத்துக்கும் பின்னாலயும் தள்ளிட்டாங்க. பந்து நடுவுல படலைன்னாலும் தலை கோணிக்காது. மன்னிக்கிற மட்டைன்னு சொல்லுவாங்க."

யாரை யார் மன்னிப்பது? நான் என்ன திருடினேனா? அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அடித்தேன். நாலில் மூன்று நேராகப் போயிற்று. மூன்று!

வாங்கிவிட்டேன். தண்டு, நீளம் எல்லாம் என் கைக்கு வைத்துக் கட்டித்தர இரண்டு வாரம் ஆகுமாம்.

மார்ச் 17, திங்கள்

இவரிடம் சொன்னேன்.

"மட்டைய மாத்தினா ஆட்டம் மாறிடுமா?"

"மாறாட்டி போகுது."

"அது ஆட்டமே இல்ல, ஏமாத்து வேலை. தப்பா அடிச்சா தப்பா போகணும். அப்பதான் கத்துக்க முடியும்."

"அப்போ உங்க மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டு ஆடுங்க. தப்பாத் தெரிஞ்சாதானே கண்ணு கத்துக்கும்?"

எழுந்து ஷெட்டுக்குப் போய் வலையில் பந்தடிக்க ஆரம்பித்துவிட்டார். இவருடைய அயர்ன்கள் மெல்லியவை, முனையைப் பார்த்தால் காய் நறுக்கலாம் போல இருக்கும். நடுவில் பட்டால் ஒரு சத்தம் வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். இன்று பத்தில் நாலு முறைதான் கேட்டது. எண்ணினேன். ஆமாம், எண்ணினேன்.

வெட்டியதைப் பற்றிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

புது மட்டையோடு முதல் ஆட்டம். 111.

சிரிக்காதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். முதல் குழியில் டிரைவரை எடுத்தேன், அடித்தேன், பந்து அம்பு மாதிரி நேராகப் போயிற்று. நேராக வேலியைத் தாண்டி. ஆறு வருடப் பழக்கம், உடம்பு தானாகவே வேலியைப் பார்த்து நின்றுவிட்டது. வளையும் வளையும் என்று பார்த்தால் வளையவே இல்லை. பதினெட்டுக் குழியில் ஒன்பது பந்து வேலிக்கு வெளியே.

"மரம் அனாதையாயிடுச்சு" என்றார் பேக்கரிக்காரர். அக்கா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

வீட்டில் இவர் அட்டையைப் பார்த்தார். 'பாத்தியா' என்பதைப் புருவத்தாலேயே சொல்ல இவரால்தான் முடியும்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா?

மாட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

லேபில் ஒரு யோசனை. பல்செட் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே மைபூசிய நீலத்தாள் வைத்துத் தட்டுவோம். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலப்பொட்டு விழும். அந்த இடத்தை மட்டும் ராவினால் போதும். முப்பது வருடமாகச் செய்கிற வேலை.

டிரைவருக்கும் முகம் இருக்கிறதே!

ஒரு கட்டுத் தாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். சாயங்காலம் இவர் வருவதற்குள் ஷெட்டில், மை உள்பக்கம் இருக்கும்படி மட்டை முகத்தில் ஒட்டி, வலைக்குள் இருபது பந்து அடித்தேன். தாளை உரித்தால் இருபது பொட்டும் வெளிநுனிப் பக்கம் கூடிக் கிடக்கின்றன. நடுவில் ஒன்றுகூட இல்லை. பந்துக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிறேன், அவ்வளவுதான் விஷயம். கை ஒத்துழைக்காததும் இல்லை, மண்ணும் இல்லை!

அரை ஜாண் கிட்டே நின்றேன். பொட்டுகள் நடுவைப் பார்த்து நகர்ந்தன. எல்லாம் இல்லை. பாதி.

பாதி போதும். மீதிப் பாதியைப் பார்த்துக்கொள்ளத்தான் மட்டைக்கு அந்தப் பெரிய தலை.

ஏப்ரல் 12, சனி

103. வேலியைப் பார்க்காமல் இருக்க, பந்துக்கு ஒரு கை முன்னால் கிடக்கும் ஒரு இலையைப் பார்க்கச் சொன்னார் வாத்தியார். இலையைப் பார்த்தேன்.

ஏப்ரல் 19, சனி

தொண்ணூற்றொன்பது!

99. 99. 99.

கிளப் செயலாளர்தான் கூட ஆடிக் கையெழுத்துப் போட்டார். வழி நெடுகக் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தவர், பதினைந்தாம் குழிக்கு மேல் வாயை மூடிக்கொண்டார். என் அயர்ன் ஒன்று அடிப்பாகத்தில்தான் பட்டது. பழைய மட்டையாக இருந்தால் பந்து தரையோடு உருண்டு பள்ளத்தில் விழுந்திருக்கும். இது எழும்பி, குட்டையாகப் போய், புல் ஓரத்தில் நின்றது. அழகான அடி இல்லை. அடுத்த அடியை அடிக்க முடிகிற இடம். இந்த மட்டை செய்வது இவ்வளவுதான். எனக்கு இவ்வளவுதான் தேவையாக இருந்தது.

அட்டையைக் கொடுக்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பதிவேடு பார்க்கும் அம்மா, எனக்கு முன்னாலிருந்தே அந்த நாற்காலியில் இருப்பவர். அட்டையை வாங்கி முத்திரை குத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நல்லா ஆடுங்கம்மா. அவங்க மூஞ்சில கரியப் பூசுங்க. ஒம்பது பேர்ல எட்டுப் பேர் கை தூக்கினாங்க அந்த விதிக்கு."

"தூக்காத அந்த ஒருத்தர் எங்க வீட்டுக்காரரா?"

அந்த அம்மா முத்திரையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கேட்டேவிட்டேன்.

"கை தூக்கினீங்களா, இல்லையா?"

"தூக்கினேன்." பொய் சொல்ல மாட்டார். அது ஒன்று. "ஆட்டம் மெதுவாப் போகுதுன்னு எல்லாரும் புகார். ஒரு குழிக்கு இருபது நிமிஷம் நிக்கிறோம். விதின்னா எல்லாருக்கும் பொது. உனக்காக மாத்த முடியுமா?"

"எனக்காக மாத்தச் சொன்னேனா? எனக்காகவே எழுதியிருக்கீங்களே!"

"நீ நூறுக்குக் கீழ வந்திட்டல்ல? அப்புறம் என்ன?"

"எதால வந்தேன்? நீங்க வெட்டிக் குடுத்த கடப்பாரையாலயா?"

அப்புறம் எல்லாம் சொன்னேன். ஒன்றரை இஞ்ச், விறைத்த தண்டு, ஆறு வருடம், எல்லாருக்கும் எல்லாம் வராது... நிறுத்தவே முடியல. அன்பாத்தான் வெட்டினாரு, தெரியும். அதான் இன்னும் எரியுது. அன்பா வெட்டினவரு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவளுக்கு இது சரியா இருக்கான்னு பாத்திருக்கக் கூடாதா?

இவர் முகம் சுண்டிப்போயிற்று. "எனக்குத் தெரியாதும்மா" என்றார். உட்கார்ந்தபடியே இருந்தார்.

பழைய செட்டைக் கொண்டுபோய் ஷெட்டில் இவர் பக்கத்து ஆணியில் மாட்டினேன். சிவப்புப் பிடி பளிச்சென்று தெரிகிற மாதிரி.

மே 3, சனி

தொண்ணூற்றேழு. இரண்டாவது அட்டை. சந்தோஷப்பட முடியவில்லை.

வாத்தியாருக்கு இன்று 101. நான்கு வாரமாக 102, 101, 103, 101. அக்கா 107-இல் நிற்கிறாள். பேக்கரிக்காரர் அட்டையையே வாங்கவில்லை. "நான் வெண்ணெய்க்குப் பொறந்தவன், இதுக்கு இல்ல. நீங்க ஒருத்தராவது உள்ள போங்க" என்றார் சிரித்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். மாவு தீய்ந்த நாளில் சிரிக்கிற சிரிப்பு.

நான் மட்டும் உள்ளே போய் என்ன செய்ய? செயலாளரின் கொட்டாவியை எண்ணிக்கொண்டு ஆடவா?

மே 10, சனி

104. அவசரம்.

மே 17, சனி

102. அவசரப்படவில்லை. அப்படியும் 102. மட்டை எத்தனை பெரிதாக இருந்தால் என்ன, குழிக்குப் பக்கத்தில் வந்து உருட்டுகிற அந்தக் குட்டி அடிக்கு அது உதவாது. அதை நானேதான் செய்ய வேண்டும்.

மே 21, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் கிளப் விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்தேன். உறுப்பினராகச் சேர்ந்தபோது கொடுத்தது, ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை. முப்பத்து நாலாம் பக்கத்தில் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு முறை படித்தேன். பென்சிலால் கோடு போட்டேன்.

இப்போது எழுத மாட்டேன். மூன்றாவது அட்டை கைக்கு வரட்டும்.

மே 24, சனி

மழை. மைதானம் மூடிவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு சனிக்கிழமை.

மே 28, புதன்

கடைசி நாளுக்குத் தேர்ந்தவர்கள் எல்லாரையும் ஆளுக்கு ஒருவர் பிடித்துவைத்துவிட்டார்கள். எனக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. பதிவேட்டம்மா போனில் உச்சுக்கொட்டினார்.

இவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "நான் வர்றேன்" என்றார்.

ஒரு மாதமாக உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

"சரி" என்றேன்.

மே 31, சனி

ஆற அமர எழுத வேண்டும். இப்போது மணி நாலு. இவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார்.

முதல் ஒன்பது குழி 49. நல்ல கணக்கு. இவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழிக்கும் எண்ணைச் சத்தமாகச் சொல்லி எழுதினார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பதினொன்றாம் குழியில் இவர் அடித்த அயர்ன் ஓரத்தில் பட்டு, கை ஜிவ்வென்று அதிர்ந்து மட்டையைக் கீழே போட்டுவிட்டார். விரலை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயது. கை பழைய கை இல்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு வாயும் வரவில்லை, மனமும் வரவில்லை.

பதினான்கில் எட்டு. பதினாறில் ஏழு. கடைசிக் குழிக்கு வரும்போது 94. ஆறு அடிக்குள் முடித்தால் நூறு. டிரைவரை எடுத்தேன். பட்டது நுனிப்பக்கம், கையிலேயே தெரிந்தது. பந்து கொஞ்சம் வலப்பக்கம் போய், மனம் மாறினதுபோல் திரும்பி, புல் விளிம்பில் வந்து நின்றது. இவருடைய பந்தைத் தாண்டி நாலு எட்டு வைக்கிற தூரம்! பெண்கள் அடிக்கும் மேடை முன்னால் இருக்கிறது என்பது வேறு விஷயம். அதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

ஐந்தாவது அடியில் பந்து குழிக்குப் பக்கத்தில். முக்கால் முழம் இருக்கும். 99 ஆயிற்று. இது விழுந்தால் நூறு.

இந்த முக்கால் முழத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நண்பர்கள் சும்மா ஆடும்போது, இவ்வளவு கிட்டே வந்துவிட்டால் எதிராளி 'எடுத்துக்கோ' என்பார். விழுந்ததாகக் கணக்கு. குனிந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் அட்டைக்கு ஆடும்போது அது செல்லாது. உருட்டித்தான் ஆக வேண்டும். இவருக்குத் தெரியாத விதியா?

நான் மூன்று முறை குனிந்து நிமிர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"எடுத்துக்கோ" என்றார்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"எடுத்துக்கோம்மா. விழுந்த மாதிரிதான். நான் எழுதிக்கிறேன்."

இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதர் ஒரு விதியை மீறி நான் பார்த்ததில்லை. ஆள் இல்லாத சாலையில்கூட சிவப்பு விளக்குக்கு நிற்பவர். எனக்காக மீறுகிறார். நெஞ்சுக்குள் என்னமோ செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடக் கோபம் பெரிதாக வந்தது. வெட்டிக் கொடுத்த மட்டை மாதிரியே இதுவும். இவர் கொடுப்பது, நான் வாங்கிக்கொள்வது.

"வேண்டாம். விதின்னா எல்லாருக்கும் பொதுன்னு நீங்கதான் சொன்னீங்க. தள்ளி நில்லுங்க, நிழல் விழுது."

தள்ளி நின்றார்.

பந்து குழியின் வலது உதட்டைத் தொட்டு, ஒரு கணம் யோசித்து, உள்ளே போயிற்று. அந்த 'டொக்' சத்தம் எனக்குப் போதும், இந்த ஜென்மத்துக்குப் போதும்.

இவர் அட்டையில் நூறு என்று எழுதி, அடியில் கோடு போட்டு, கையெழுத்துப் போட்டார். கண் கலங்கின மாதிரி இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

ஜூன் 2, திங்கள்

சாயங்காலம் லேபிலிருந்து நேரே கிளப் அலுவலகம். தேர்ந்தவர் பட்டியலில் நான் இருக்கிறேன். விதிப்புத்தகத்தை விரித்துப் பதிவேட்டம்மா முன்னால் வைத்தேன், முப்பத்து நாலாம் பக்கம். 'உறுப்பினர் ஒருவர் தம்முடன் மூன்று விருந்தினரை அழைத்துவந்து ஆடலாம். விருந்தினருக்குத் திறன் வரம்பு இல்லை.' பெரிய மனிதர்கள் தங்கள் அலுவலக முதலாளிகளை அழைத்துவர என்றைக்கோ எழுதிக்கொண்டது.

"உறுப்பினரையே இன்னொரு உறுப்பினர் விருந்தினரா கூட்டிட்டு வரக்கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

பதிவேட்டம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் புரட்டினார். மூடினார். சனிக்கிழமைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"பேனா வேணுமா?"

ஏழு நாற்பது. நான். பக்கத்தில் மூன்று விருந்தினர்: ஒரு பேக்கரி, ஒரு மருந்துக்கடை, ஒரு கணக்கு.

ஜூன் 7, சனி

நாலு பேரும் ஆடினோம். பேக்கரிக்காரர் 117, வாழ்நாள் சாதனை. முதல் குழியில் செயலாளர் வந்து, "இது என்னம்மா புதுசா இருக்கு?" என்றார். "பழசுதான் சார், முப்பத்து நாலாம் பக்கம்" என்றார் வாத்தியார், கணக்குப் பாடம் நடத்தும் குரலில்.

முன்னால் போனவர்களுக்கு நாங்கள் ஒரு இடத்திலும் பின்தங்கவில்லை. பின்னால் வந்தவர்களும் எங்களுக்காக நிற்கவில்லை. அக்கா மணி பார்த்துக்கொண்டே வந்தாள். மொத்தம் நாலு மணி நேரம் இரண்டு நிமிஷம். கமிட்டிக்காரர்களின் ஏழு மணி ஆட்டம் நாலு மணி நேரம் இருபது நிமிஷமாம். பதிவேட்டம்மா சொன்னார்.

ஜூன் 12, வியாழன்

பதிவேட்டம்மா போன். அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறதாம். உறுப்பினர் விருந்தினராக வரக்கூடாது என்று தீர்மானம். ஒன்பது பேரில் ஐந்து கை போதும்.

தூக்கட்டும். இதையும் அடைத்தால் புத்தகத்தில் இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது. என்னிடம் பென்சிலும் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்து டிரைவர் முகத்தில் புது நீலத்தாள் ஒட்டியபடியே ஷெட்டில் வைத்துவிட்டேன். ஒரு பந்துகூட அடிக்காத தாள். இன்று எடுத்துப் பார்த்தால் தாள் நைந்திருக்கிறது. உரித்தேன். பதினோரு பொட்டு. எல்லாம் தாழ்வாக, தண்டை ஒட்டிய உள்பக்கமாக. என் பொட்டு என்றைக்கும் வெளிநுனிதான். இது என் கை இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் ஏறக்குறைய நடுவில்.

இவர் கூடத்தில் தினசரி படித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் தினசரியைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தையும் புரட்டவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஏழு மணிக்குப் பதிவேட்டம்மா போன் செய்தார். மூச்சு வாங்கியது. படியிறங்கிக்கொண்டே பேசுகிறார் போல.

"நாலு கைதாம்மா! நாலே நாலு. தோத்துப்போச்சு. உங்க வீட்டுக்காரர் கை மேசை மேலயே கெடந்துச்சு. செயலாளர் ரெண்டு வாட்டி அவரையே பாத்தாரு. ஆடல அசையல மனுஷன்."

இவர் எட்டு மணிக்கு வந்தார். கமிட்டியில் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, இரண்டு வாய் உண்டபின் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"நாளைக்கு ஏழு நாப்பதுல இடம் இருக்கா?"

"நாலு பேர் ஆயிடுச்சு."

"அடுத்த வாரம்?"

"அதுவும் ஆயிடுச்சு. பேக்கரிக்காரருக்குக் கல்யாண கேக் ஆர்டர் வந்தா சொல்றேன்."

தலையாட்டினார். இன்னொரு வாய் பிசைந்துகொண்டே, "ஆர்டர் எப்ப வரும்?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? காத்திருங்க."

பாத்திரம் கழுவிவிட்டு ஷெட்டுக்குப் போனேன். ஆணியில் சிவப்புப் பிடி செட்டைக் காணோம். இவர் எடுத்து உயரத்துப் பரணில் வைத்திருக்கிறார். டிரைவரை என் பையில் போட எடுத்தவள், போடாமல் இவர் பக்கத்துச் சுவரில் சாய்த்துவைத்தேன். புது நீலத்தாள் ஒன்று ஒட்டினேன். காலை ஏழு மணிவரை இங்கேயே இருக்கட்டும். அதற்கப்புறம் எனக்கு வேண்டும்.